கேமரா அல்ல, மைக்

திருப்பூரில் எங்கள் பின்னலாடை அலுவலகத்தின் கூட்ட அறையில் ஆறு பேர் உட்காரலாம். அங்கிருந்து வீடியோ அழைப்பில் பேசும்போது ஜெர்மனி வாடிக்கையாளர்களுக்கு எங்கள் முகம் நன்றாகவே தெரிந்தது. பேச்சுதான் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டதாம். கடைக்காரர் மிகத் துல்லியமான 4கே கேமராவை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். துணியின் நிறத்தை வீடியோவில் பார்த்தா ஒப்புதல் தருகிறார்கள்? மாதிரி கூரியரில்தான் போகிறது. அதைவிடத் துல்லியம் குறைந்த 1080பி யுஎஸ்பி கேமராவே தாராளம்.

கோளாறு அறையில் இருந்தது. கண்ணாடிச் சுவர், டைல்ஸ் தரை, தலைக்கு மேல் மின்விசிறி. மடிக்கணினியின் மைக் எங்கள் குரலோடு எதிரொலியையும் அள்ளிக்கொண்டிருந்தது. மைக்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்த, எதிரொலி நீக்கும் ஸ்பீக்கர்போன் ஒன்றை மேசை நடுவில் வைத்து, கண்ணாடிக்குக் கனமான திரையும் போட்டேன். துணிக்கு எங்களிடம் பஞ்சமில்லை! அதே அறையில் இன்னொருவர் கைபேசியில் அழைப்பில் சேர்ந்தால் மட்டும் ஊளைச் சத்தம் கிளம்பும். அந்தக் கைபேசியின் மைக்கையும் ஒலியையும் அணைத்துவிட வேண்டும்.

சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதனால் கணினியை, கேமரா இருக்கும் டிவிக்கு அடியிலேயே வைத்தேன். வைஃபையை விட்டு லேன் கேபிள் இழுத்ததும் படம் உறைவது நின்றது. ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் சேர்த்தாயிற்று. இப்போது மின்சாரம் போனாலும் பேச்சு அறுவதில்லை.