பாக்கெட்டின் பின்னால் இருக்கும் எண்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சையாக மாற்றுவது எப்படி?

மளிகைக் கடையில் ஒரு மிக்சர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும், ஆனால் வரிசையில் நின்றுகொண்டு அதைப் படித்து, இது பிள்ளைக்கு ஆகுமா ஆகாதா என்று யாரால் முடிவெடுக்க முடியும்? இலங்கையில் 2016 முதல் குளிர்பானங்களின் சர்க்கரை அளவை நிறத்தில் காட்டுகிறார்கள். சிலியில் அதே ஆண்டிலிருந்து பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை. இங்கேயும் அது வந்தே ஆக வேண்டும். அதுவரை நாமே செய்துகொள்ளலாம்.

மூன்று நிற ஸ்கெட்ச் பேனா, துண்டுச் சீட்டு, செல்போன் போதும். எழுத்து சரியாகக் கண்ணுக்குத் தெரியாவிட்டால் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

1. 100 கிராமுக்கான எண்களை மட்டும் எடுங்கள். பக்கத்தில் இருக்கும் 'பெர் சர்வ்' எண்களை, அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கான எண்களை, விட்டுவிடுங்கள். அந்த அளவை ஒரு கம்பெனி 20 கிராம் என்று வைத்திருக்கும், இன்னொன்று 30 என்று வைத்திருக்கும், நம் வீட்டுப் பிள்ளையோ பாக்கெட்டையே காலி செய்யும். ஆர்டிஏ (ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவு) சதவீதமும் 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கான கணக்கு, குழந்தைக்குப் பொருந்தாது.

2. டோட்டல் ஃபேட் (மொத்தக் கொழுப்பு), சாச்சுரேட்டட் ஃபேட் (நிறைவுற்ற கொழுப்பு), டோட்டல் சுகர்ஸ் (மொத்தச் சர்க்கரை), சோடியம், இந்த நான்கையும் சீட்டில் எழுதுங்கள்.

3. சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதனால் இந்த வரியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள்.

4. இப்போது நிறம். பிரிட்டனில் பயன்படுத்தும் எல்லைகள் இவை. கொழுப்பு 17.5 கிராமுக்கு மேல், சாச்சுரேட்டட் 5க்கு மேல், சர்க்கரை 22.5க்கு மேல், உப்பு 1.5க்கு மேல் போனால் சிவப்பு. கொழுப்பு 3, சாச்சுரேட்டட் 1.5, சர்க்கரை 5, உப்பு 0.3 வரை பச்சை. நடுவில் வருவதெல்லாம் மஞ்சள்.

உதாரணத்துக்கு ஒரு முறுக்கு பாக்கெட்டில் கொழுப்பு 32, சாச்சுரேட்டட் 14, சர்க்கரை 2, உப்பு 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சிவப்பு, ஒரு பச்சை. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தாலும் அந்த மூன்று சிவப்பு மறையாது.

குளிர்பானம் என்றால் 100 மில்லிக்கான எண்களை எடுங்கள், சிவப்பின் எல்லை மேலே சொன்னதில் சரிபாதி. அதாவது சர்க்கரை 11.25 கிராம் தாண்டினாலே சிவப்பு.

அப்புறம், சேர்மானப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். எடையில் அதிகமானதுதான் முதலில் வரும். பிஸ்கட்டில் சர்க்கரை இரண்டாவதாக இருந்து, கீழே இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்றும் வந்தால் அவையும் சர்க்கரைதான்.

சீட்டை டப்பாவின் மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அதே பண்டத்தில் வேறு இரண்டு கம்பெனி பாக்கெட்டுகளை எடுத்து நிறம் போட்டுப் பாருங்கள், சிவப்பு குறைவாக வருவதை வாங்குங்கள்.