ஓயாமல் புலம்புகிறவரிடம் நாம் செய்யும் தவறுகள்

எந்நேரமும் குறை சொல்லிக்கொண்டிருப்பவரைச் சோம்பேறி என்றோ, அனுதாபம் தேடுகிறார் என்றோ முத்திரை குத்திவிடுவது முதல் தவறு. உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், என்ன செய்தும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளாகியிருந்த நாய்களில் பல, பிற்பாடு ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற நிலையிலும் அசையாமல் கிடந்தன. இயலாமையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. 2016-இல் அவ்விருவருமே அதைத் திருத்தி, நீடித்த துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை என்றும், நிலைமையைத் தன்னால் மாற்ற முடியும் என்பதே அனுபவத்தால் கற்கப்படுகிறது என்றும் எழுதினார்கள். புலம்புகிறவர் அனைவருக்கும் இது பொருந்தாது. ஆனால், ‘நம்மால் ஆகாது’ என்று ஊறிப்போனவரைத் திட்டி எழுப்ப முடியாது என்பது இதிலிருந்து விளங்கும்.

அடுத்தது, கேட்ட மாத்திரத்தில் யோசனை சொல்லத் தொடங்குவது. “மேலதிகாரி விடுப்பே தருவதில்லை” என்கிறார் ஒருவர். எழுத்து மூலம் கேட்கலாமே என்றால், “கேட்கலாம்தான், ஆனால் அதையே மனதில் வைத்துக்கொள்வார்.” வேறு பிரிவுக்கு மாறலாமே என்றால், “அங்கே இதைவிட மோசம்.” ஒவ்வொரு யோசனையும் தோற்கத் தோற்க, தம் நிலைமைக்கு வழியே இல்லை என்ற அவருடைய நம்பிக்கை உறுதிப்படுகிறது, சொன்னவருக்கோ எரிச்சல்தான் மிச்சம். “நீங்கள் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதே மேல். அவர் வாயிலிருந்து வருவது சிறியதாக இருந்தாலும் அவருடையதாக இருக்கும்.

அதற்காக, கூடவே உட்கார்ந்து புலம்புவதும் உதவாது. ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசும் பிள்ளைகளிடம் நட்பின் நெருக்கமும் மனச்சோர்வும் சேர்ந்தே காணப்படுவதை உளவியலாளர் அமண்டா ரோஸ் 2002-இல் எடுத்துக்காட்டினார். ஆறுதல் கிடைப்பதாலேயே இப்பழக்கத்தை விடுவது கடினமாகிறது.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது, உண்மையிலேயே அநீதிக்கு உள்ளானவரிடம் ‘பாதிக்கப்பட்டவர் மனப்பான்மை’ என்று சொல்லி வாயை அடைப்பது. இம்மனப்பான்மையைப் பற்றி 2020-இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு நான்கு கூறுகளைச் சொல்கிறது: தம் துன்பத்தைப் பிறர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு, அறத்தில் தாமே உயர்ந்தவர் என்ற எண்ணம், பிறர் வலியை உணராமை, பழைய காயத்தையே அசைபோடுதல். பாதிக்கப்பட்டிருப்பது இந்த நான்கில் ஒன்றல்ல. சம்பளம் தராத முதலாளியைப் பற்றி மாதக்கணக்காகப் பேசுகிறவருக்குத் தேவை சம்பளம். நேர்மறையாக யோசிக்கச் சொல்லும் அறிவுரை அல்ல.