விபிஎன் இணைந்தது, சர்வர் திறக்கவில்லை

வீட்டிலிருந்தே அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் ஓபன்விபிஎன் மென்பொருள், வீட்டு லேப்டாப்பில் உடனே இணைந்துவிட்டது. ஆனால் அலுவலக ஃபைல் சர்வர் மட்டும் திறக்கவே இல்லை. சர்வர் எட்டுகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளை அடித்தாலும் பதில் இல்லை. பாஸ்வேர்டு, ஃபயர்வால் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டதில் மாலை முழுக்கப் போனது. அப்புறம் லேப்டாப்பின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஓட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. வீட்டு ரவுட்டர் 192.168.1 வரிசையில்தான் முகவரி தருகிறது. அலுவலகத்திலும் அதே வரிசை. அதனால் சர்வரின் 192.168.1.20ஐ லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது, விபிஎன் வழியாக அனுப்புவதே இல்லை.

வீட்டு ரவுட்டரின் லேன் (வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) முகவரியை 192.168.57.1 என்று மாற்றி, ஒருமுறை அணைத்துப் போட்டேன். சர்வர் திறந்தது. பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுத்திருந்ததால் அதை மட்டும் மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் மாற்றுவதுதான் முறை. ஆனால் அங்கே பயோமெட்ரிக் மெஷின் வரை எல்லாம் பழைய முகவரியில் ஓடுகிறது. யார் கை வைப்பது?