பழைய கேஸ் மடக்குக் கத்தியின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்க மடக்குக் கத்திகளைச் சேகரிக்க ஆசைப்படுபவர்கள் கேஸ் (Case) என்ற நிறுவனத்தின் கத்தியிலிருந்து தொடங்குவது நல்லது. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இயங்கும் இந்த நிறுவனம் அலகில் அடிக்கும் முத்திரையை அவ்வப்போது மாற்றி வந்திருக்கிறது. அதனால் பல கத்திகளுக்குத் துல்லியமான ஆண்டையே சொல்லிவிடலாம்.

தேவையானவை: 10 மடங்கு லென்ஸ், சிறிய டார்ச், அளவுகோல், பஞ்சுக் குச்சி, மினரல் ஆயில், மரத்தாலான பல்குச்சி. உப்புத்தாளும் பாலிஷும் வேண்டவே வேண்டாம். முத்திரையைத் தேய்த்து அழித்துவிட்டால், கத்தியின் வயதோடு விலையும் போய்விடும்.

1. திறந்து துடையுங்கள்

அலகு இறுகியிருந்தால் குறடு போட்டு இழுக்காதீர்கள். அலகில் கீறல் விழும், நகத்தை வைத்துத் திறப்பதற்கான பள்ளம் சிதையும். மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள். செந்துருவை எண்ணெயில் ஊறவிட்டுப் பல்குச்சியால் மெதுவாக நெம்பி எடுங்கள். கார்பன் எஃகில் படிந்திருக்கும் சாம்பல் நிறத்தைத் தொடவே கூடாது. வயதாவதால் வரும் இயல்பான நிறம் அது.

2. முத்திரையைப் படியுங்கள்

அலகு பிடியோடு சேரும் இடத்தில் கூர் தீட்டாத சிறு பகுதி ஒன்று இருக்கும். அதற்கு டாங் என்று பெயர். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், மங்கிய எழுத்தும் நிழலில் எழுந்து தெரியும்.

‘கேஸ் டெஸ்டட் எக்ஸ்எக்ஸ்’ என்றிருந்தால் 1920–1940. ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ மட்டும் என்றால் 1940–1964. அதோடு யு.எஸ்.ஏ. சேர்ந்து, புள்ளிகள் இல்லாவிட்டால் 1965–1969.

1970-இல் யு.எஸ்.ஏ.வோடு 10 புள்ளிகளையும் அடித்தார்கள். பிறகு ஆண்டுக்கொன்றாகக் குறைத்தார்கள். ஆகவே 1980-இலிருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் ஆண்டு கிடைத்துவிடும்: 7 புள்ளி என்றால் 1973. 1980-இல் மறுபடி 10 புள்ளியிலிருந்து தொடங்கினார்கள். இம்முறை ‘எஸ்’ எழுத்து மின்னல் கீற்றுபோல் ஒடிந்திருக்கும். அப்போது 1990-இலிருந்து கழிக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ‘எஸ்’ஸைக் கவனிக்காவிட்டால் கணக்கு பத்து ஆண்டு தவறிவிடும். ஒரு புள்ளி தேய்ந்து போயிருந்தாலும் கத்தி ஓராண்டு இளையதாகத் தெரியும். ஆகவே லென்ஸ் இல்லாமல் எண்ணாதீர்கள்.

3. மாடல் எண்

எடுத்துக்காட்டாக, 6254 என்ற எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் பிடி எதனால் ஆனது என்பதையும் இரண்டாவது அலகுகளின் எண்ணிக்கையையும் மீதி வடிவத்தையும் சொல்லும். 54 என்பது டிராப்பர் (Trapper) என்ற வடிவம்; மடக்கிய நிலையில் சுமார் 10.5 செ.மீ. நீளம். முதல் இலக்கம் 5 என்றால் மான்கொம்பு, 3 என்றால் மஞ்சள் செயற்கைப் பிடி, 6 என்றால் வரிவெட்டிய எலும்பு. ஆனால் எலும்பைப் போலச் செய்த டெல்ரின் பிளாஸ்டிக் பிடிக்கும் 6 அடித்திருக்கிறார்கள். லென்ஸில் பாருங்கள்: எலும்பில் நுண்துளைகளும் நிற வேறுபாடும் இருக்கும், டெல்ரின் ஒரே சீராக இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அந்த வடு ஆறாது.

4. முத்திரையோடு மற்றவை ஒத்துப்போகிறதா?

முத்திரை சொல்வது அலகின் வயதை மட்டுமே. அலகை மாற்றிவிட முடியும். டெல்ரின் 1960-இல்தான் சந்தைக்கு வந்தது; ‘டெஸ்டட்’ அலகில் டெல்ரின் பிடி இருந்தால் அது இரண்டு கத்திகளைச் சேர்த்த ஒட்டுவேலை. பிடியின் முனையிலுள்ள உலோகக் காப்பில் (போல்ஸ்டர்) ரிவெட்டின் வட்டம் புதிதாகத் தெரிந்தால், யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். எழுத்தின் ஓரங்கள் மழுங்கி அலகு மட்டும் பளபளத்தால், அது மெருகேற்றிய கத்தி.

இரண்டு அலகுகளிலும் வெவ்வேறு முத்திரை இருந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். முத்திரை மாறிய 1965, 1970 வாக்கில் கையிருப்பிலிருந்த பழைய அலகுகளையும் தொழிற்சாலையே சேர்த்திருக்கிறது.

பிற கம்பெனிகள்

ஷ்ரேட் கத்திகளில் ‘ஷ்ரேட் வால்டன்’ என்றிருந்தால் 1946–1973. ரெமிங்டனின் அசல் மடக்குக் கத்திகள் 1920–1940 காலத்தவை. 1982 முதல் மறுபதிப்புகள் வந்ததால் கூடுதல் கவனம் தேவை.

செல்லுலாய்டு பிடிக் கத்தி கிடைத்தால் தனிப் பெட்டியில் வையுங்கள். அது சிதையும்போது வெளியாகும் அமில ஆவி, பக்கத்திலிருக்கும் கத்திகளின் அலகையும் அரித்துவிடும்.