புதிய பழக்கம் நிலைக்க ஒரு வழி

புதிய பழக்கம் 21 நாட்களில் படிந்துவிடும் என்று நம்பித் தொடங்குவோர் பலர், 22ஆம் நாளும் மனம் முரண்டு பிடிக்கும்போது தம்மீதே நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். அந்த வருத்தம் தேவையற்றது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நிகழும் நிலையை எட்டும் காலத்தின் இடைநிலை அளவு 66 நாட்கள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடும் என்று மதிப்பிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதே அதில் மிகவும் ஆறுதலளிக்கும் செய்தி.

ஆகவே நாட்களை எண்ணுவதை விட்டு, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு செயலோடு புதியதை இணையுங்கள். "தினமும் உடற்பயிற்சி செய்வேன்" என்பதைவிட, "காலைக் காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் மொட்டைமாடியில் பத்து நிமிடம் நடப்பேன்" என்று எழுதி வைப்பது நன்று. எப்போது, எங்கே என்பது முன்பே முடிவாகிவிடுவதால், அந்த வேளையில் மனத்தோடு வாதாட வேண்டியிருக்காது. இரவில் கைபேசி பார்ப்பதைக் குறைக்க விரும்புவோர் சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே மாற்றிவிடலாம். ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் இரு மடங்கு செய்து ஈடுகட்ட முயலாமல், வழக்கமான அளவையே செய்யுங்கள்.