ஊர் ஓடையைத் தூர்வாரப் பணம் எங்கிருந்து வரும்?

எங்கள் ஊர் ஓடையைத் தூர்வாரிய குழுவின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி காசு கொடுத்தது?" என்றுதான். கம்பெனி கடைசியில் வந்தது. முதலில் விழுந்தது ஊர்ப் பணம். அது இல்லாமல் எந்த வாசலுக்குப் போனாலும் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பணத்துக்கும் முன்னால் காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் விவரப் பதிவு) புல வரைபடத்தையும் பார்த்து, ஓடைப் புறம்போக்கின் சர்வே எண்களையும் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடை போய்ச் சேரும் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் அது பெரும்பாலும் நீர்வளத்துறை. குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். அனுமதிக்கு முதலில் அந்த அலுவலகத்தில் கேளுங்கள். சர்வேயரை வைத்து இரண்டு கரையிலும் கல் ஊன்றிவிடுங்கள். ஜேசிபி வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது, இது உன் வரப்பா என் வரப்பா என்று நிற்பதைப் போலப் பணத்தைத் தின்பது வேறில்லை.

அப்புறம் கிராம சபைத் தீர்மானம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று தீர்மானம் போட்டால் கோடை முழுக்கக் கையில் இருக்கும். "நீர்நிலைகளைச் சீரமைக்க வேண்டும்" என்று பொத்தாம் பொதுவாக எழுத விடாதீர்கள். சர்வே எண், நீளம், எந்தப் பாலத்திலிருந்து எந்த மடை வரை, ஊர்ப் பங்கு எவ்வளவு, எல்லாம் அதில் ஏறட்டும். நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

ஊர்ப் பங்கைப் பிரிக்க, திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியே நல்ல வழி. ஆனால் அதை அப்படியே எடுக்காதீர்கள். ஓடைத் தண்ணீரால் நிலம் உள்ளவருக்குத்தான் நேரடி லாபம். அதனால் நாங்கள் தலைக்கட்டுக்குச் சிறு தொகையும், மீதியை ஏக்கர் கணக்கிலும் வைத்தோம். நிலமில்லாத வீட்டாரிடமும் பத்து ஏக்கர்காரரிடமும் ஒரே தொகை கேட்பது அநியாயம். வேலையாகத் தருகிறேன் என்பவர்களுக்கு அன்றைய கூலியைப் போட்டு நோட்டில் வரவு வையுங்கள். திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் குழுவில் வரவு செலவை அன்றன்றைக்கே போடுங்கள். கணக்கு போகப் போகத்தான் அவர்களிடமிருந்து பணம் வரும்.

இனி செலவு. பெரிய தொகை இயந்திர வாடகைக்குத்தான் போகும். ஜேசிபியில் ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. காலையில் வேலை தொடங்கும்போதும் மாலையில் நிறுத்தும்போதும் அதை போட்டோ எடுங்கள். நோட்டில் தேதி, தொடக்க எண், முடிவு எண், ஓடிய மணி, டிரைவர் பேட்டா, ஓட்டுநர் கையெழுத்து, குழுவில் இருவர் கையெழுத்து. பிறகு நாங்கள் ஒரு நிறுவனத்திடம் போனபோது, அவர்கள் அதிக நேரம் புரட்டிப் பார்த்தது அந்தப் பக்கங்களைத்தான்.

கண்மாய் வண்டலை மறந்துவிடாதீர்கள். மாவட்ட அரசிதழில் வெளியான கண்மாய் என்றால், விவசாயத்துக்கு வண்டல் எடுக்கத் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024-ல் நடைமுறை எளிதானது. அளவு நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. ஒரு யூனிட் 100 கன அடி என்றால், நஞ்சை ஏக்கருக்கு ஏறக்குறைய 26 யூனிட். விவசாயி தன் டிராக்டரில் தன் செலவில் அள்ளிப் போவதால் குழுவுக்கு அந்த நடைக்கூலி மிச்சம். ஒரு நடைகூட விலைக்குப் போகக் கூடாது. போனால் அனுமதியும் போகும், ஊரில் பேரும் போகும். ஓடைக்குள் அடைந்திருக்கும் சீமைக் கருவேலத்தையும் ஊராட்சி ஏலம் விடட்டும். குழுவே வெட்டி விற்கக் கூடாது.

அரசுப் பணத்துக்கு நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். 1997-98-ல் தொடங்கியது, 2021-ல் மீண்டும் வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஊர்ப் பணம் முதலில் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவும்தான். மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர்தான் போட வேண்டும், நம் கைக்கணக்கு அங்கே செல்லாது. கூலி வேலைக்கு, நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிவந்த அரசின் ஊரக வேலைத் திட்டம் இருக்கிறது. அதில் இயந்திரத்துக்கு இடமில்லை. வேலூரில் நாகநதிப் படுகையில் அந்தத் திட்டப் பெண்கள்தான் உறைகிணறுகள் இறக்கி நிலத்தடி நீரை ஏற்றினார்கள். ஆகவே முள் வெட்டு, கரை சீர், உறிஞ்சு குழி எல்லாம் அந்தக் கணக்கில், ஆழத் தூர்வாரல் வேறு கணக்கில் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

சரி, கம்பெனி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். ஆகவே சென்னைக்குப் போகாமல் உங்கள் வட்டத்தில் உள்ள ஆலையில் தொடங்குங்கள். ஆனால் பணம் வாங்கும் அமைப்புக்குச் சிஎஸ்ஆர்-1 (கம்பெனிகளின் சமூகப் பணிப் பணத்தை வாங்குவதற்கான பதிவு), 12ஏ, 80ஜி என்று அறியப்பட்ட வருமான வரிப் பதிவுகள், மூன்று வருட அனுபவம் எல்லாம் கேட்பார்கள். ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிந்துவிடலாம்தான், அனுபவத்தை உடனே காட்ட முடியாதே. இதெல்லாம் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பில்லை அவர்கள் நேரடியாகக் கட்டும்படி செய்யுங்கள்.

திரட்டியதில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் இருவர் கையெழுத்துக் கணக்கில் வையுங்கள். முதல் பெருமழையில் எங்காவது கரை அறுக்கும். அந்த உடைப்பை அந்த வாரமே அடைக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன் முள்ளும் கோரையும் எடுக்கவும் செலவு உண்டு. ஊரில் மீன் பாசி ஏலம் (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம்) நடந்தால், அதில் ஒரு பங்கு ஓடைக்கு என்று அடுத்த கிராம சபையிலேயே எழுத வையுங்கள்.