ஹாலிவுட்டையும் ஐரோப்பிய சினிமாவையும் ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஹாலிவுட் படம் என்றால் ஓட்டம், அடிதடி, கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும். ஐரோப்பியப் படம் என்றால் நிதானம், மௌனம், மனசைக் கனக்க வைக்கும் முடிவு. ஃபிலிம் சொசைட்டி திரையிடல் முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் சரி, யூடியூப் விமர்சனங்களிலும் சரி, பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. இரண்டு சினிமாவையும் விரும்பிப் பார்க்கிறவன் என்ற முறையில், இந்தப் பேச்சில் எனக்கு உறுத்துவது இதுதான்: படத்தில் தெரியும் குணத்தை அந்த நாட்டு மக்களின் குணமாக எடுத்துக்கொள்கிறோம். பணம் போட்டது யார், ஃபைனல் கட், அதாவது படத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை, யார் கையில் இருந்தது, அந்தப் படம் எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்று கேட்பதே இல்லை.

வந்து சேர்ந்த வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் ஊர் மல்டிப்ளெக்ஸுக்கு ஹாலிவுட் படம் விநியோக பலத்தால் வருகிறது. நல்லது, சுமார், மோசம் எல்லாமே வரும். ஐரோப்பியப் படம் கான், வெனிஸ், பெர்லின் விழாக்களில் தேர்வாகி, அங்கே பேசப்பட்டு, அப்புறம்தான் சென்னை விழாவுக்கோ திருவனந்தபுரம் விழாவுக்கோ முபி என்ற ஓடிடி தளத்துக்கோ வருகிறது. சல்லடையில் சலித்து எடுத்ததை ஒரு தட்டிலும் பிரிக்காத மூட்டையை இன்னொரு தட்டிலும் வைத்து எடை பார்க்கிறோம். இதில் எது தரம் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை.

பிரான்ஸ்காரர்கள் தியேட்டருக்குப் போய் என்ன பார்க்கிறார்கள் தெரியுமா? 2008இல் வந்த 'ப்யான்வெனு ஷே லே ஷ்தி' என்ற நகைச்சுவைப் படத்துக்கு அங்கே 2 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. தெற்கே வசதியாக இருந்த தபால் அலுவலக மேலாளரை வடக்கே மாற்றிவிடுகிறார்கள், அங்கே பேசும் வட்டார வழக்கு அவருக்குப் புரியவில்லை. கதை அவ்வளவுதான். 2011இல் வந்த 'இன்டச்சபிள்ஸ்' படத்துக்கு ஏறத்தாழ 1.9 கோடி டிக்கெட். இந்தக் கதை நமக்கு நன்றாகவே தெரியும். 2016இல் நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்த 'தோழா' அதன் ரீமேக்தான். சிரிக்க வைத்து, கண்ணைக் கசக்க வைத்து, மனசு நிறைந்து அனுப்பும் படம். ஐரோப்பாவின் வெகுஜன சினிமா இதுதான். ஹாலிவுட்டின் கமர்ஷியல் படங்களை ஒப்பிட வேண்டியதும் இதோடுதான்.

காலத்தைக் குழப்பிக்கொள்வதும் இதே தவறுதான். ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் 1957 படம் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸை'யும் போன மாதம் வந்த சூப்பர்ஹீரோ படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒன்று ஆழம் மற்றது மேம்போக்கு என்கிறார்கள். 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' வந்த அதே 1957இல் அமெரிக்காவிலிருந்து குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி', சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' இரண்டும் வந்தன. ஒப்பிடுவதானால் அவற்றோடு ஒப்பிடலாம்.

அடுத்து, ரீமேக்கை ஆதாரமாகக் காட்டும் பழக்கம். இதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் ஜார்ஜ் ஸ்லைசர் இயக்கி 1988இல் வந்த டச்சுப் படம் 'ஸ்போர்லோஸ்'. முடிவைச் சொல்லாமல் விளக்க முடியாது. பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள். பிரான்ஸில் நெடுஞ்சாலை ஓரப் பெட்ரோல் பங்க்கில் ஒருவனுடைய காதலி காணாமல் போகிறாள். வருடக்கணக்கில் அவளைத் தேடுகிறான். கடைசியில் கடத்தியவனே எதிரில் வந்து நிற்கிறான். அவளுக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமானால் அவளுக்கு நடந்ததெல்லாம் உனக்கும் நடக்க வேண்டும், இந்தக் காபியைக் குடி என்கிறான். மயக்க மருந்து கலந்த காபி. குடிக்கிறான். கண் விழிக்கும்போது மண்ணுக்கடியில் பெட்டிக்குள் கிடக்கிறான். காப்பாற்ற யாரும் வருவதில்லை. 1993இல் அதே ஸ்லைசர் அதே கதையை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்காக ஆங்கிலத்தில் எடுத்தார். அதில் புதிய காதலி வந்து அவனைக் காப்பாற்றுகிறாள், வில்லன் சாகிறான். அமெரிக்கர்களுக்குச் சோக முடிவு தாங்காது என்று இதை வைத்து அடித்துச் சொல்வார்கள்.

ஆனால் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய இன்னொரு ஜோடி இருக்கிறது. ஆஸ்திரிய இயக்குநர் மிக்கேல் ஹனேக்கே 1997இல் 'ஃபன்னி கேம்ஸ்' எடுத்தார். விடுமுறை வீட்டுக்கு வந்த ஒரு குடும்பத்தை இரண்டு இளைஞர்கள் காரணமே இல்லாமல் வதைத்துக் கொல்கிறார்கள். 2007இல் அதையே நவோமி வாட்ஸ், டிம் ராத் நடிக்க அமெரிக்காவில் ஆங்கிலத்தில் மறுபடி எடுத்தார். ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அதே படம். யாரும் பிழைப்பதில்லை, பார்வையாளனுக்கு எந்த ஆறுதலும் இல்லை. அதைத் தயாரித்ததில் ஐரோப்பிய நிறுவனங்களுக்கும் பங்கு இருந்தது. ஸ்லைசரோ டச்சுப் படத்தில் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். ஃபாக்ஸ் படத்தில் ஸ்டூடியோ அமர்த்திய இயக்குநர். ஆங்கிலம் பேசியதாலோ அமெரிக்காவில் எடுத்ததாலோ மட்டும் ஒரு படம் மென்மையாகிவிடாது என்பதற்கு ஹனேக்கேயின் படம் சாட்சி.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் வருகிறது: சட்டம். அமெரிக்கச் சட்டப்படி, ஸ்டூடியோ சம்பளத்துக்கு எடுக்கப்படும் படத்தின் ஆசிரியர் அந்த ஸ்டூடியோதான். இயக்குநர் அமர்த்தப்பட்டவர். பிரெஞ்சுச் சட்டத்தில் இயக்குநர், திரைக்கதை எழுதியவர், இசையமைத்தவர் போன்றவர்களே ஆசிரியர்கள். படைப்பைச் சிதைக்கக் கூடாது என்று தடுக்கும் உரிமையை அவர்களிடமிருந்து யாரும் விலைக்கு வாங்க முடியாது. இரண்டும் நேருக்கு நேர் மோதிய வழக்கு ஒன்று உண்டு. ஜான் ஹூஸ்டன் 1950இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'தி ஆஸ்ஃபால்ட் ஜங்கிள்' படத்தின் உரிமை பின்னாளில் டர்னர் நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் அதற்கு வண்ணம் பூசினார்கள். வண்ணம் பூசுவதை ஹூஸ்டன் கடுமையாக எதிர்த்தவர், 1987இல் இறந்துவிட்டார். வண்ணம் பூசிய பிரதியை ஒரு பிரெஞ்சு தொலைக்காட்சி ஒளிபரப்பவிருந்தபோது அவருடைய பிள்ளைகளும் திரைக்கதை ஆசிரியர் பென் மேடோவும் பிரான்ஸில் வழக்குப் போட்டார்கள். 1991இல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கர் அமெரிக்காவில் எடுத்த அமெரிக்கப் படத்தைப் பிரெஞ்சுச் சட்டம் காப்பாற்றியது. எனக்கு இந்த வழக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஹூஸ்டனின் திறமையோ ரசனையோ இதில் பேச்சே இல்லை; அவர் கையில் எந்த உரிமை இருந்தது என்பதுதான் கேள்வி.

உரிமை ஸ்டூடியோவிடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1987இல் வந்த 'ஃபேட்டல் அட்ராக்ஷன்' போதும். முதலில் எடுத்த முடிவில் க்ளென் க்ளோஸின் பாத்திரம் தற்கொலை செய்துகொள்ளும். வெளியீட்டுக்கு முன் பார்வையாளர்களை அழைத்துப் போட்டுக் காட்டியபோது அது எடுபடவில்லை. க்ளோஸுக்கு விருப்பமில்லாமலே புது க்ளைமாக்ஸ் எடுக்கப்பட்டது. படம் பெரிய வெற்றி. வசூலைத்தான் நம்பி இருக்கும் தொழிலில் இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பிரான்ஸில் நிலைமை வேறு. தியேட்டரில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் வரியாகப் பிடிக்கப்பட்டு, 1946இல் தொடங்கிய தேசிய சினிமா மையத்துக்குப் போகிறது. ஹாலிவுட் படத்தின் டிக்கெட்டுக்கும் இதே கணக்குதான். அந்தப் பணத்திலிருந்து அடுத்த பிரெஞ்சுப் படங்களுக்கு உதவி போகிறது. முதல் வார வசூலை மட்டும் நம்பாத படம், முதல் பத்து நிமிடத்தில் நம்மைப் பிடித்து உட்கார வைக்க அவசரப்படாது.

அந்த அவசரமின்மையை ஒன்றுமே நடக்கவில்லை என்று படிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். பெல்ஜியத்தின் சந்தால் அகெர்மன் 1975இல் தந்த 'ஜான் டீல்மன்' மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். பிரஸ்ஸல்ஸில் ஒரு விதவைத் தாயின் மூன்று நாள். உருளைக்கிழங்கு உரிக்கிறாள், கட்டிலைச் சரிசெய்கிறாள், அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள். மதியம் ஒரு ஆண் வருவான். அவன் தரும் பணம் சாப்பாட்டு மேசையில் இருக்கும் சூப் பாத்திரத்துக்குள் போகும், மேலே மூடி. கேமரா அசைவதே இல்லை. முதல் நாளை முழுதாகக் காட்டிவிட்டதால் அந்த வீட்டின் ஒழுங்கு நமக்கே மனப்பாடம் ஆகிவிடுகிறது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். சூப் பாத்திரம் மூடாமல் கிடக்கிறது. அந்த மூடி இல்லாததைக் கவனித்த நொடியில் நமக்கு வயிறு கலங்கும். ஹிட்ச்காக் மேசைக்கடியில் குண்டு வைத்துக் கொண்டுவரும் பதற்றத்தை அகெர்மன் ஒரு மூடியை வைத்துக் கொண்டுவருகிறார். இதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் அந்த மூடி கண்ணில் படாமலே போய்விடும். 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் இந்தப் படம்தான் முதலிடம் பிடித்தது.

அதற்காக ஐரோப்பியப் படமெல்லாம் மெதுவாக நகரும் என்றும் எண்ண வேண்டாம். 1998இல் வந்த ஜெர்மன் படம் 'ரன் லோலா ரன்' சுமார் 80 நிமிடத்தில் ஒரே ஓட்டத்தை மூன்று தடவை ஓடி முடித்துவிடும்.

பழைய இத்தாலியப் படங்களில் வாயசைவும் வசனமும் ஒட்டவில்லை, தொழில்நுட்பம் பலவீனம் என்று சொல்பவர்கள் உண்டு. இத்தாலியில் பல பத்தாண்டுகள் குரலைப் பிறகு பதிவு செய்வதுதான் வழக்கம். விஸ்கோன்டியின் 'தி லெப்பர்ட்' படத்தின் இத்தாலியப் பதிப்பில் அமெரிக்க நடிகர் பர்ட் லங்காஸ்டர் வேறொருவர் குரலில்தான் பேசுவார். கதாநாயகிக்கு டப்பிங் கலைஞர் குரல் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமே இல்லை.

கடைசியாக, இரண்டும் தனித்தனி ஆறுகள் என்ற எண்ணம். டக்ளஸ் சர்க் ஹாம்பர்கில் பிறந்த ஜெர்மானியர். மனைவி யூதர் என்பதால் 1937இல் நாட்டை விட்டு வெளியேறினார். 1955இல் யூனிவர்சல் ஸ்டூடியோவுக்காக 'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்' எடுத்தார். வசதியான விதவை ஒருத்தி தன்னைவிட இளைய தோட்டக்காரனைக் காதலிக்கிறாள். பெற்ற பிள்ளைகளே எதிர்க்கிறார்கள். அப்போது கண்ணீர்ப் படம் என்று பல விமர்சகர்கள் ஒதுக்கிய படம் அது. மியூனிக்கில் ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டர் சர்க்கின் படங்களைப் பார்த்து மனம் மாறினார், அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். 1974இல் அதே கதையை மனதில் வைத்து 'அலி: ஃபியர் ஈட்ஸ் தி சோல்' எடுத்தார். விதவை இப்போது துப்புரவுத் தொழிலாளி, காதலன் மொராக்கோவிலிருந்து வந்த தொழிலாளி.

இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள், இரண்டிலும் தொலைக்காட்சிப் பெட்டி வரும் காட்சியைக் கவனியுங்கள். சர்க் படத்தில், காதலை விட்டுக்கொடுத்த அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பிள்ளைகள் டிவி வாங்கித் தருகிறார்கள். அணைந்திருக்கும் திரையில் அவள் முகம் தெரிகிறது. ஃபாஸ்பிண்டர் படத்தில் அம்மா தன் புதுக் கணவனை அறிமுகப்படுத்துகிறாள்; மகன் எழுந்து போய் டிவியைக் காலால் உதைத்து உடைக்கிறான். இதில் எது அமெரிக்கப் படம், எது ஐரோப்பியப் படம் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.